நேரெழுத்தா, சாய்வெழுத்தா

ஜூன் 10, 2024, திங்கள்

இட்லியைச் சாய்க்கச் சொல்லி இன்றைக்கும் மெயில் வந்திருக்கிறது. டெல்லியில் உட்கார்ந்திருக்கும் அந்த எடிட்டர் பெண்ணுக்கு இட்லி, வடை, ரசம் எல்லாம் அந்நியச் சொற்களாம். ஆங்கிலப் புத்தகத்தில் அந்நியச் சொல் சாய்வெழுத்தில்தான் வர வேண்டுமாம். பீட்சாவை மட்டும் ஜம்மென்று நேராக நிற்க விட்டிருக்கிறாள். இருபது வருஷமாகப் புத்தகப் பக்கம் அமைத்துக்கொடுத்துச் சாப்பிடுகிறேன், இந்தச் சண்டை மட்டும் தீரவில்லை. முடியாது என்பதை நாலு வரியில் மரியாதையாக எழுதி அனுப்பினேன்.

நேற்று கோகுல்நாத் வந்திருந்தான். ஊரின் மறுகோடியில் இருக்கும் பாணேரிலிருந்து எங்கள் வானவடிக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் ஒன்றே கால் மணி நேரம் ஆனதாம். அவன் பேட்ச் பள்ளிக்கூடம் முடித்து இருபத்தைந்து வருஷம் ஆகிறது, ஆகஸ்டில் எல்லோரும் கூடுகிறார்கள். அதற்கு ஒரு டைரக்டரி வேண்டும். நூற்று நாற்பத்திரண்டு பேருடைய பெயர், ஊர், வேலை, போன் நம்பர். "நீங்க பண்ணினா தான் நல்லா வரும் அக்கா." செத்துப்போனவர்கள் பெயருக்குப் பக்கத்தில் கத்தி மாதிரி ஒரு குறி போடலாம் என்றான். பார்க்கச் சகிக்காது என்றேன். சிலுவை என்று நினைத்துக்கொண்டு நாலு பேர் சண்டைக்கு வருவார்கள். "இருக்கிறவாளுக்கு நேரெழுத்து, போனவாளுக்குச் சாய்வெழுத்து. முதல் பக்கத்துல அதை ஒரு வரி சொல்லிடு. முடிஞ்சது" என்றேன்.

"செம ஐடியா அக்கா" என்றான். எனக்கும் பெருமைதான். ஆனால் சொல்லும்போது ஏன் அப்பா பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தான்?

ஜூன் 11

பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. அந்த நூற்று நாற்பத்திரண்டு பேரில் ஒருவன் விச்சு.

ஜூன் 11, மத்தியானம்

எனக்கு என்ன கேடு? சொந்தத் தம்பி. அவன் கிளாஸ்மேட் என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, செத்தவன் பெயரை எப்படிப் போடுவது என்று கேட்கிறான். நான் அழகு பார்த்துக்கொண்டு விதி சொல்கிறேன். கத்திக்குறி பிடிக்கவில்லை, அவ்வளவுதான் அந்த நிமிஷத்தில் தோன்றியது. டாக்டருக்கு ரத்தம் பழகிப்போகிற மாதிரி எனக்கு எழுத்து.

இனி அவனை எப்படிப் போடுவேன்? 2017 ஜூலை ஒன்பதாம் தேதி காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனான். மறுநாள் வண்டி கடக்வாஸ்லா அணைக்கரையில் நின்றது. ஹெல்மெட் கண்ணாடியில் மாட்டியிருந்தது. ஆள் இல்லை. உடம்பும் கிடைக்கவில்லை. கடிதம் கிடையாது, சண்டை கிடையாது. அப்போது அவனுக்கு முப்பத்துநாலு. இருக்கிறானா இல்லையா என்று போலீசே எழுதவில்லை, நான் எப்படி எழுதுவது?

ஜூன் 14

கோகுல்நாத்திடமிருந்து விவரமெல்லாம் ஒரு ஷீட்டில் வந்துவிட்டது. கடைசிக் கட்டத்தில் ஒவ்வொருவருக்கும் 'உண்டு' அல்லது 'இல்லை' என்று நிரப்பியிருக்கிறான். இல்லை என்று ஆறு பேர். விச்சுவின் கட்டம் மட்டும் காலி.

போன் செய்தேன். "அக்கா, அது... நீங்களே பாத்து போட்டுடுங்க. க்ரூப்ல எல்லாரும் இட்டாலிக்ஸ்னு தான் சொல்றாங்க. லேகின்... ஆனா ஃபேமிலி சொல்லணும்ல?"

எல்லோரும் சொல்கிறார்களாம். எத்தனை பேர் இந்த ஏழு வருஷத்தில் இந்த வாசற்படி மிதித்தார்கள்? பட்டென்று வைத்துவிட்டேன்.

ஜூன் 19

எழுத்துரு முடிவு செய்தாயிற்று. எனக்குப் பிடித்த பழைய ஐரோப்பிய எழுத்துதான், முனைகளில் சின்னச் சின்னப் பாதங்கள் வைத்தது. அதன் சாய்வெழுத்துக்காகவே அதை வாங்கினேன். ஐநூறு வருஷத்துக்கு முன்னால் வெனிஸில் கையெழுத்தைப் பார்த்து வார்த்த ஜாதி. ஆரம்பத்தில் முழுப் புத்தகத்தையுமே சாய்வில் அச்சடித்திருக்கிறார்கள், சட்டைப்பைக்குள் அடங்குகிற சின்னப் புத்தகங்கள். அழுத்திச் சொல்வதற்கும், கப்பல் பெயருக்கும், பாவப்பட்ட இட்லிக்கும் ஆனதெல்லாம் பிற்பாடுதான்.

அப்பாவிடம் மாதிரித் தாளைக் காட்டினேன். ராணுவக் கட்டட இலாகாவில் முப்பத்தாறு வருஷம் வரைபடம் போட்டவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சாய்வா இருக்கேடி. எங்க ஆபீஸ்ல எழுபத்தஞ்சு டிகிரி. அதுக்கு மேல ஒரு நூல் சாஞ்சாலும் தலைமை டிராஃப்ட்ஸ்மேன் கிழிச்சுப் போட்டுடுவார்."

"இது உங்க படத்துல எழுதற எழுத்தில்லைப்பா. நேரா நிக்கறதைப் பிடிச்சு சாச்சுட்டா அது சாய்வெழுத்து ஆகாது. இதைத் தனியா வரையணும். இந்த a-வைப் பாரு. நேரெழுத்துல தலைக்கு மேல ஒரு கொக்கி இருக்கு. சாய்வுல கொக்கியே கிடையாது, நாம கையால எழுதற மாதிரி. h-ஓட கால் உள்ளே மடியறது பாரு."

"சாஞ்சா எல்லாம் ஒண்ணுதான்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஒன்றில்லை. கம்ப்யூட்டரில் மேலே ஒரு கட்டம் இருக்கிறது. அதில் டிகிரி போட்டால் எந்த எழுத்தையும் பலவந்தமாகச் சாய்த்துவிடும். கல்யாணப் பத்திரிகைக்காரர்கள் தமிழுக்கு அதைத்தான் செய்கிறார்கள். ஆட்டோவில் திருப்பத்தில் ஒரு பக்கமாய்ச் சரிகிற ஆட்களைப் போல இருக்கும். பார்த்தாலே எனக்குக் கழுத்து வலிக்கும்.

ஜூன் 23, ஞாயிறு

சாயங்காலம் கீழே கேட் சத்தம். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். நான் வழக்கம்போல, "வந்துடுவான்பா" என்றேன். அவர் வழக்கம்போல, "ஆமாம்" என்றார். மூன்றாம் மாடி ஆள் பால் வாங்கிக்கொண்டு போனான்.

இந்த ஒரு வார்த்தையில்தான் அவர் உயிர் நிற்கிறது. எழுபத்தெட்டு வயது. அம்மாவும் போய் நாலு வருஷம் ஆயிற்று. அவர் கையில் அச்சடித்த புத்தகத்தைக் கொடுத்து, உன் பிள்ளை சாய்வெழுத்தில் இருக்கிறான் பார் என்று நான் காட்டுவதா? மாட்டேன்.

அப்படியானால் நேராகவே போட்டுவிட வேண்டியதுதானே, ஏன் இத்தனை யோசனை என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜூலை 2

பால்கிப் பல்லக்கு ஊர்வலம் போகிற நாள். ஹடப்சர் பக்கம் ரோடெல்லாம் அடைப்பு. பிரஸ்ஸுக்குப் போக முடியவில்லை, வீட்டிலும் வேலை ஓடவில்லை. V வரிசைப் பக்கத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். விஸ்வநாதன் எஸ். நேராக ஒரு தரம். சாய்வாக ஒரு தரம். மறுபடி நேராக. பெயரில் மூன்று a இருக்கிறது. சாய்வில் மூன்றும் கொக்கியைக் கழற்றிவிட்டு வருகின்றன. பார்க்க அழகாக வேறு இருக்கிறது, சனியன்.

அவன் போன அன்றைக்குக் காலையில் இந்த நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றான். "என்ன ஃபாண்ட் இது அபி?" என்று கேட்டான். எனக்கு மத்தியானத்துக்குள் நாற்பது பக்கம் அனுப்பியாக வேண்டும். "தள்ளி நில்லு, ஸ்க்ரீன்ல உன் நிழல் விழறது" என்றேன். தள்ளி நின்றான். அப்புறம் வண்டிச் சாவி எடுக்கும் சத்தம் கேட்டது. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவன் போனதற்கு அது காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். கவுன்சலிங் கொடுத்த பெண்ணும் சொன்னாள். தெரிந்து என்ன பிரயோஜனம்?

ஜூலை 5

இட்லி நேராக நிற்கிறது. டெல்லிக்காரி இறங்கிவந்துவிட்டாள். ஜெயித்த சந்தோஷம் ஐந்து நிமிஷம் கூட இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

ஏழு வருஷம் முடிந்தது. இனி கோர்ட்டுக்குப் போனால் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள் என்று அந்த நாளில் சப்-இன்ஸ்பெக்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. ஆறுதலாகத்தான் சொன்னார், பாவம்.

அப்பாவிடம் பிரஸ் வேலை என்று பொய் சொல்லிவிட்டு ஸ்வார்கேட்டில் பஸ் ஏறி கடக்வாஸ்லா போனேன். மழைத் தூறலில் ஜனங்கள் சுட்ட சோளம் தின்றுகொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டி நின்ற இடத்தில் இப்போது வெங்காயப் பஜ்ஜி போடும் ஒரு காந்தா பஜியா ஸ்டால். அரை மணி நேரம் நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது. ஒரு பிளேட் பஜியா வாங்கித் தின்றுவிட்டு வந்தேன். என்னைப் பற்றி எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 12

கோகுல்நாத் நேரில் வந்துவிட்டான். அப்பா பாங்க்குக்குப் போயிருந்தார், நல்லதாகப் போயிற்று. இருபதாம் தேதி அச்சுக்குப் போயாக வேண்டும், முடிவு என்ன என்றான். நான் கத்தினேன். ஏழு வருஷமாக எங்கே போயிருந்தீர்கள் எல்லாரும், இப்போது பெயரைச் சாய்க்க மட்டும் கூட்டமாக வருகிறீர்கள் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். ஹிந்தியிலும் திட்டினேன் போல.

அவன் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "அக்கா, வரணும்னு தான் இருந்துச்சு. ஒரு தடவை நானும் இன்னும் மூணு பேரும் கீழ கேட் வரைக்கும் வந்தோம். மேல வந்து என்ன சொல்றது? வருத்தமா இருக்குன்னு சொன்னா, அவன் செத்துட்டான்னு ஆயிடும். கவலைப்படாதீங்க வந்துடுவான்னு சொன்னா, அது ஜூட். பொய். எங்களுக்கு தெரியல அக்கா. திரும்பி போயிட்டோம்."

நான் டீ போட்டுக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய?

ஜூலை 13

கேட் வரைக்கும் வந்திருக்கிறார்கள்.

ஜூலை 16

முடிவெடுத்துவிட்டேன். நேரெழுத்து. கோகுல்நாத்துக்கு ஒரே வரி மெசேஜ்: விச்சு நேராக இருப்பான், இதற்கு மேல் பேச்சு வேண்டாம். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

முழு ப்ரூஃபையும் அடித்து அப்பாவிடம் கொடுத்தேன். நம்பரும் பெயரும் சரிபார்ப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். V வரிசை கடைசிப் பக்கத்தில்தான் வரும். அதில் பிள்ளை நேராக நிற்பதைப் பார்ப்பார், நிம்மதியாக இருக்கும் அவருக்கு.

எனக்குத்தான் நிம்மதி இல்லை. முடிவெடுத்தால் போய்விடும் என்று நினைத்தேன். குட்டி போட்ட பூனை மாதிரி ஹாலுக்கும் பால்கனிக்கும் நடக்கிறேன்.

ஜூலை 18, வியாழன்

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணுகிறது. பரவாயில்லை.

காலையில் அப்பா ப்ரூஃபைத் திருப்பிக் கொடுத்தார். பதினோரு நம்பர் திருத்தம், இரண்டு பெயரில் எழுத்துப் பிழை. கடைசிப் பக்கத்தில் ஒரு பென்சில் கோடு கூட இல்லை. கடைக்குப் போய் வந்து, பதினோரு நம்பரையும் மாற்றிவிட்டு, வழக்கம்போல எல்லாப் பக்கத்தையும் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் ஏதோ உறுத்தியது. என்ன என்று புரிவதற்கு முன்னாலேயே கழுத்து வலித்தது.

விஸ்வநாதன் சாய்ந்திருந்தான்.

என் சாய்வெழுத்து இல்லை. மூன்று a-வும் தலையில் கொக்கியோடு அப்படியே சரிந்து கிடந்தன. h-இன் கால் மடியவில்லை. யாரோ நேரெழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார்கள். கோகுல்நாத்தின் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன், திட்டுவதற்கு போனைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் அவனிடம் இந்த ஃபைலே கிடையாது. பெயரின் மேல் கர்சரை வைத்து மேலே கட்டத்தைப் பார்த்தேன்.

பதினைந்து.

யாரும் பதினைந்து போட மாட்டார்கள். இந்தத் தொழிலில் இருப்பவன் பத்தோ பன்னிரண்டோ போடுவான். தெரியாதவன் இருபது போட்டு அசிங்கப்படுத்துவான். தொண்ணூறில் பதினைந்து போனால் எழுபத்தைந்து. நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில் இந்த நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, கட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்து...

அவர் உள்ளே தூங்குகிறார். எழுப்பவில்லை.

ஜூலை 19

காலையில் காபி டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "அப்பா, நீ என் கம்ப்யூட்டரைத் தொட்டியா?"

"தொட்டேன்."

"எதுக்கு?"

"ப்ரூஃப் பாக்கச் சொன்னயே. தப்பா இருந்தது, திருத்தினேன்."

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. இத்தனை நாள் யாருக்காக இந்தப் பாடு பட்டேன்? "எது தப்பு? நீதானே தெனம் வந்துடுவான் வந்துடுவான்னு வாசலைப் பாத்துண்டு உக்காந்திருக்கே!"

"நீ சொன்னே. நான் ஆமாம்னேன்." காபியை ஒரு வாய் குடித்தார். "அம்மா போனப்போ எல்லாப் பேப்பர்லயும் போட்டோமே, அபி. மூணு நாள் ஐஸ்ல வச்சுண்டு காத்துண்டு இருந்தோம். இருந்திருந்தா எங்கேர்ந்தாவது வந்திருப்பான். அம்மாவுக்கு வராம இருப்பானா? எனக்கு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

"நாலு வருஷமா ஏன்பா சொல்லலை?"

"நீ அவனைத் தள்ளி நில்லுன்னு சொன்னப்போ நானும்தானே இந்த ஹால்ல இருந்தேன். அதையே நெனச்சு மருகிண்டு இருக்கே. அவன் வந்துடுவான்னு இருந்தாத்தான் நீ சாப்பிடுவேன்னு நெனச்சேன்."

நான் அவருக்காக. அவர் எனக்காக. நாலு வருஷம் இரண்டு பேரும் உட்கார்ந்து நாடகம் போட்டிருக்கிறோம், பார்க்க ஆளில்லாமல். அழுதேன். நாற்பத்தைந்து வயதுக்காரி அப்பா மடியில் தலையை வைத்துக்கொண்டு, கீழ்வீட்டுக்காரி காலிங் பெல் அடிக்கிற அளவுக்கு அழுதேன். அன்றைக்கு அணைக்கரையில் வராததெல்லாம் வந்தது. காபி ஆறிவிட்டது, இன்னொரு தரம் சுட வைத்துக் கொடுத்தேன்.

சாப்பிட்ட பிறகு அவரைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். பதினைந்தை அழித்தேன். விச்சு ஒரு நிமிஷம் நேராக நின்றான். அப்பாவைப் பார்த்தேன். "ம்" என்றார். சரியான சாய்வெழுத்தைக் கொடுத்தேன். a-க்கள் கொக்கியைக் கழற்றின, h காலை மடக்கிக்கொண்டது, பெயர் கொஞ்சம் ஒடுங்கி நெருங்கி உட்கார்ந்தது.

"இப்ப அழகா இருக்கு" என்றார் அப்பா.

நாளைக்கே வந்து வாசலில் நின்றால்? நிற்கட்டும். புத்தகத்தைத் தூக்கி என் தலையில் அடிக்கட்டும்.

ஜூலை 20

அச்சுக்குப் போயிற்று. முதல் பக்க விதியில் ஆறு பேர் என்று இருந்ததை ஏழாக்க மறந்திருந்தேன். பிரஸ்ஸில் நின்றபடியே மாற்றினேன்.

ஜூலை 25

பேய் மழை. கடக்வாஸ்லாவில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்களாம். டி.வி.யில் அதையே காட்டினார்கள். அப்பா சானலை மாற்றவில்லை, நானும் மாற்றவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

இன்றைக்கு அவர்கள் கூடுகிற நாள். போகவில்லை. கோகுல்நாத் போட்டோவாக அனுப்பித் தள்ளுகிறான். எல்லாருக்கும் தொப்பை, எல்லார் கையிலும் என் புத்தகம். ஒருவன் கடைசிப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான். யாரென்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பதினொரு மணிக்கு பெல் அடித்தது. திறந்தால் மாடிப்படி முழுக்க ஆட்கள். கோகுல்நாத், அவன் பின்னால் மராத்திக்காரர்கள், ஒரு சர்தார், இரண்டு பெண்கள். ஒன்பது பேர். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. பக்கத்து வீட்டில் நாற்காலி கடன் வாங்கினேன்.

துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்கள். ஏழு வருஷம் கழித்து. ஒரு மராத்திக்காரன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாயீட் ஜாலம், காகா" என்றான், மோசமாகிவிட்டது என்று. அவ்வளவுதான், அப்பா உடைந்துபோனார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை, அம்மா போனபோது கூட. அந்த மனுஷனுக்கு அழ ஒரு கூட்டம் வேண்டியிருந்திருக்கிறது. எனக்குத் தெரியாமல் போயிற்று.

அப்புறம் கதை கதையாக வந்தது. ஒன்பதாம் கிளாஸில் விச்சு கணக்கு வாத்தியாரின் லூனா மொபெட்டை எடுத்துக்கொண்டு கேம்ப் கடைத்தெரு வரை போய் வந்து, அதே இடத்தில் நிறுத்திவைத்தானாம். வாத்தியார் பெட்ரோல் தீர்ந்ததற்கு பங்க்காரனோடு சண்டை போட்டாராம். "என்கிட்ட சொல்லவே இல்லையேடா" என்று அப்பா அழுத கண்ணோடு சிரித்தார். யாரும் கேட்காமலே அவரும் சொல்ல ஆரம்பித்தார். ஒரு மணி ஆகிவிட்டது. எல்லோருக்கும் உப்புமா கிளறினேன், போதவில்லை.

கிளம்பும்போது ஒவ்வொருவராக அப்பாவின் கையைத் தொட்டுவிட்டு, சத்தமில்லாமல் இறங்கிப் போனார்கள். கோகுல்நாத் கடைசி. அவனும் ஷூவை மாட்டிக்கொண்டு ஒன்றும் பேசாமல் படியில் கால் வைத்தான்.

அப்பா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "என்னடா, சொல்லிக்காம போறே?"

அவன் என்னைப் பார்த்தான். "இல்ல அங்கிள், அம்மா சொல்லி அனுப்பிச்சாங்க. இந்த மாதிரி வீட்டுலேர்ந்து கிளம்பறப்போ போயிட்டு வரேன்னு சொல்லக் கூடாதுன்னு."

"உங்கம்மா சொன்னது சரிதான்" என்றார் அப்பா. நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து வாசல் வரைக்கும் வந்தார். "நீ சொல்லிட்டுப் போ."

"போயிட்டு வரேன் அங்கிள்."

"வா. அடுத்த ஞாயித்துக்கெழமை வா. அவாளையும் கூட்டிண்டு வா."